டிக்கெட் போட்டு ஊருக்கு அனுப்பிவிட்டால் சரியாகிவிடுமா?

கேள்வி: வளசரவாக்கத்தில் நானும் என் கணவரும் சின்னதாக ஒரு மெஸ் நடத்துகிறோம். ஒடிசாவைச் சேர்ந்த 24 வயதுப் பையன் ஒருவன் இரண்டு வருஷமாக எங்களிடம் தோசைக்கல்லில் நிற்கிறான். முதுகிலும் கையிலும் வெளிறிய தேமல் இருந்தது. படர்தாமரை என்று நினைத்து, மெடிக்கலில் கேட்டு களிம்பு வாங்கிப் பூசிக்கொண்டிருந்தான். நாலு மாதத்துக்கு முன்னால் அவன் சுண்டுவிரல் கல்லில் பட்டுப் பொசுங்கிவிட்டது. அவனுக்குத் தெரியவே இல்லை. தோல் கருகும் வாடை வந்து நான்தான் கையை இழுத்தேன். அரசு மருத்துவமனையில் தொழுநோய் என்று சொல்லி, ஒரு வருஷத்துக்கு மாத்திரை எழுதினார்கள். மூன்று மாதமாகச் சாப்பிடுகிறான். ஆளே கறுத்துப் போய்விட்டான். போன வாரத்திலிருந்து தேமல் எல்லாம் சிவந்து தடித்திருக்கிறது, முழங்கையில் வலி என்கிறான். மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை, நிறுத்திவிடுகிறேன் என்கிறான். கூடத் தங்கியிருக்கும் ஐந்து பேரும் அவனோடு ஒரே அறையில் இருக்க மாட்டோம் என்று தட்டு, வாளியெல்லாம் தனியாக வைத்துவிட்டார்கள். டிக்கெட் போட்டு ஊருக்கு அனுப்பிவிடலாம் என்கிறார் என் கணவர். சாப்பிட வருபவர்களுக்கு ஆபத்து உண்டா? எல்லோருக்கும் ஒரு ரத்தப் பரிசோதனை எடுத்துவிடலாமா? இந்த வியாதிதான் ஒழிந்துவிட்டது என்றார்களே? ஊரில் அவனுக்குக் கல்யாணம் வேறு பேசிக்கொண்டிருக்கிறார்கள். நான் அதைப் பற்றி ஏதாவது சொல்ல வேண்டுமா?

பதில்: அம்மா, மற்றதையெல்லாம் அப்புறம் பார்ப்போம். இதைப் படித்த மறுநாள் காலையில் அந்தத் தம்பியைச் சிகிச்சை எடுக்கும் மருத்துவமனைக்கே அழைத்துப் போங்கள். அடுத்த மாத்திரை அட்டை வாங்கும் தேதி வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். கடையில் கூட்டம் அதிகம், ஞாயிற்றுக்கிழமை கழியட்டும் என்றும் தள்ளிப்போட வேண்டாம்.

தேமல் சிவந்து தடிப்பதும் முழங்கை வலியும் மாத்திரை ஒத்துக்கொள்ளாததால் வருவது அல்ல. நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், நாங்கள் ‘ரியாக்‌ஷன்’ என்று சொல்வது தொடங்கியிருக்கிறது. உடம்பின் எதிர்ப்புச் சக்தி திடீரென்று விழித்துக்கொண்டு, தோலிலும் நரம்பிலும் இருக்கும் கிருமிகளோடும் செத்த கிருமிகளின் மிச்சத்தோடும் மோதுகிறது. தோலில் நடந்தால் சிவப்பும் வீக்கமும்தான், வடிந்துவிடும். நரம்புக்குள் நடக்கும்போதுதான் ஆபத்து. முழங்கையின் உள்பக்கம், இடித்துக்கொண்டால் கரண்ட் அடித்த மாதிரி சுர்ரென்று இருக்குமே, அந்த நரம்புதான் சுண்டுவிரலுக்கும் மோதிரவிரலின் பாதிக்கும் உணர்ச்சி தருகிறது. கையின் நுணுக்கமான தசைகளில் பெரும்பாலானவற்றை இயக்குவதும் அதுதான். முழங்கையில் அது போகும் வழி குறுகலானது. அங்கே வீங்கினால் நரம்பு நசுங்கும். சில நாட்களிலேயே விரல்கள் மடங்க ஆரம்பிக்கக்கூடும்.

இதற்கு மருந்து உண்டு. பிரட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையைத் தகுந்த அளவில் ஆரம்பித்து, பல வாரங்களுக்குப் படிப்படியாகக் குறைப்பார்கள். நரம்புப் பாதிப்பு தொடங்கி ஆறு மாதத்துக்குள் இதைக் கொடுத்தால், போன உணர்ச்சியும் பலமும் திரும்ப நல்ல வாய்ப்பு இருக்கிறது. சுண்டுவிரல் மரத்தது உங்கள் கண்ணில் பட்டு நாலு மாதம் ஆகிறது. அதற்கு எத்தனை நாள் முன்னால் மரத்தது என்று யாருக்கும் தெரியாது. அதனால்தான் அவசரப்படுத்துகிறேன். ஒரே ஒரு எச்சரிக்கை: ஸ்டீராய்டை மெடிக்கலில் நீங்களாகக் கேட்டு வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். சர்க்கரை, காசநோய், வயிற்றுப் பூச்சி எல்லாம் பார்த்துவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும். பாதியில் சட்டென்று நிறுத்தவும் கூடாது.

தொழுநோய் மாத்திரையையும் கூடவே தொடர வேண்டும். இந்த இடத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். மாத்திரை ஆரம்பித்த பிறகு வலி வந்தது, அதனால் மாத்திரைதான் காரணம் என்று தோன்றுவது இயற்கை. ரியாக்‌ஷன் மாத்திரைக்கு முன்னாலும் வரும், நடுவிலும் வரும், கோர்ஸ் முடிந்து ஓரிரு வருஷம் கழித்தும் வரும். அப்படி வரக்கூடும் என்று முதல் நாளே ஐந்து நிமிடம் உட்கார வைத்துச் சொல்லியிருந்தால் தம்பி பயந்திருக்க மாட்டார். யாராவது சொல்லியும் இருக்கலாம். தமிழில் சொல்லியிருப்பார்கள். அவருக்குத் தெரிந்த தமிழ் உங்கள் அடுப்படித் தமிழ்தானே? நாளைக்குப் போகும்போது இந்தி நன்றாகப் பேசத் தெரிந்த ஒருவரைக் கூட்டிப்போங்கள். இல்லையென்றால் ஊரில் படித்த உறவினர் யாரையாவது போனில் பிடித்து, டாக்டர் சொல்வதை அவர் வழியாகக் கேட்க வையுங்கள்.

கறுத்துப் போனது மட்டும் மாத்திரையின் வேலைதான். அட்டையில் மூன்று மருந்து இருக்கிறது. குளோஃபசிமின் தோலில் படிந்து செம்பழுப்பாகக் கறுக்க வைக்கும், தோலை வறட்டும். கோர்ஸ் முடிந்து சில மாதங்களில் நிறம் மெல்லத் திரும்பும். தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்ளட்டும். ரிஃபாம்பிசின் மாதம் ஒரு முறை, அன்றைக்குச் சிறுநீர் சிவப்பாகப் போகும், பயப்பட ஒன்றுமில்லை. மூன்றாவது டாப்சோன். அதனால் காய்ச்சலோடு உடம்பெல்லாம் அரிப்புத் தடிப்போ மஞ்சள் காமாலையோ வந்தால், டாப்சோனை உடனே நிறுத்திவிட்டு அன்றைக்கே டாக்டரைப் பார்க்க வேண்டும். வந்தால் பெரும்பாலும் முதல் ஒன்றிரண்டு மாதத்தில் வந்துவிடும். தம்பி அதைத் தாண்டிவிட்டார். கறுப்பைச் சின்ன விஷயம் என்று நான் சொல்ல மாட்டேன். கல்யாணம் பேசும் வயதில் இருப்பவர் திடீரென்று கறுத்தால், ‘என்ன மாத்திரை சாப்பிடுகிறாய்’ என்று நாலு பேர் கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பயந்தே மாத்திரையை விட்டவர்கள் உண்டு.

சரி, ஊருக்கு அனுப்பலாமா? என்னைக் கேட்டால், இப்போது அனுப்பவே கூடாது. ரியாக்‌ஷன் இருக்கும்போது இரண்டு வாரத்துக்கு ஒரு தரமாவது கையைப் பார்க்க வேண்டும். இங்கே அவருடைய பெயரில் அட்டை இருக்கிறது, முதல் நாள் பரிசோதனையின் குறிப்பு இருக்கிறது, நரம்பைத் தொட்டுப் பார்த்த கை இருக்கிறது. ரயிலேற்றிவிட்டால் ஊரில் போய் யாரிடம் காட்டுவார் என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. காட்டாமலே இருந்துவிடவும் கூடும், ஏனென்றால் ‘சென்னையிலிருந்து துரத்திவிட்டார்கள்’ என்ற பேச்சு அவருக்கு முன்னால் ஊர் போய்ச் சேர்ந்துவிடும். நம் நகரத்தில் கட்டடம் கட்டுபவர்களும் ஓட்டலில் நிற்பவர்களும் பாதிப் பேர் வேலை முடிந்தால் அடுத்த ஊர். 12 மாத அட்டையை 18 மாதத்துக்குள் முடித்தாலும் கணக்கில் சேரும் என்று விதியிலேயே தளர்வு வைத்திருக்கிறார்கள். அப்படியும் நடுவில் காணாமல் போகிறவர்கள் உண்டு. மருந்து இலவசம், நாடு முழுக்க ஒரே மருந்து. அப்படியிருந்தும் நோயாளி நகரும்போது சிகிச்சை கூடவே நகர்வதில்லை. இந்த நோயைக் கட்டுப்படுத்துவதில் இன்றைக்கு இருக்கும் பெரிய தலைவலிகளில் இது ஒன்று.

பின்னால் அவர் திருவிழாவுக்கோ வீட்டு விசேஷத்துக்கோ போகத்தான் செய்வார். அப்போது எத்தனை மாதம் இருக்கப் போகிறார் என்று முன்கூட்டியே சொல்லி, அத்தனை அட்டையையும் வாங்கிக்கொள்ளலாம். சிகிச்சைக் குறிப்பின் நகலும் வேண்டும். அதைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். காகிதம் தொலையும்.

உங்கள் மெஸ்ஸுக்கு வருபவர்களுக்கு அவரால் ஆபத்து இல்லை. இது சாப்பாட்டில் பரவும் நோய் இல்லை, தட்டில் டம்ளரில் பரவுவதும் இல்லை. சிகிச்சை எடுக்காத ஒருவரோடு நெடுநாள் நெருங்கி வாழும்போது, மூக்கு வாய் வழியாக வரும் நீர்த்துளிகளால் பரவுகிறது என்பதே இப்போதுள்ள புரிதல். அப்படி உள்ளே போனாலும், பத்தில் ஒன்பது பேருக்கு மேல் உடம்பே அதைச் சமாளித்துவிடும். தம்பியோ மூன்று மாதமாக ரிஃபாம்பிசின் சாப்பிட்டவர். முதல் வேளை மருந்து போன சில நாளிலேயே பரப்பும் தன்மை அநேகமாகப் போய்விடுகிறது. தட்டையும் வாளியையும் பழைய இடத்தில் வைக்கச் சொல்லுங்கள்.

ஆனாலும் அவரைத் தோசைக்கல்லிலிருந்து மாற்றுங்கள், அவருடைய கைக்காக. தொழுநோய் விரலைத் தின்றுவிடும் என்று நம் ஊரில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. வேலூரில் டாக்டர் பால் பிராண்ட் 1940-களின் கடைசியில் தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களுக்கு அறுவை சிகிச்சை செய்யத் தொடங்கியபோது, விரல்கள் ஏன் குட்டையாகின்றன என்று ஒவ்வொரு காயமாகத் தேடிப் பார்த்தார். கிருமி விரலைத் தின்பதில்லை. சூடும் வெட்டும் தெரியாத விரல் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் காயப்பட்டு, புண்ணாகி, சீழ் பிடித்து எலும்பு வரை போகிறது. உங்கள் அடுப்படியில் கருகல் வாடை வந்த அன்று நடந்ததும் அதேதான். நீங்கள் இழுத்திருக்காவிட்டால் கை அங்கேயே இருந்திருக்கும்.

பார்சல் கட்டுவது, கல்லா, சாமான் வாங்கி வருவது என்று எத்தனையோ வேலை இருக்கிறது. அடுப்படியிலேயே நின்றாக வேண்டும் என்றால் துணி போதாது, மரக் கைப்பிடி போட்ட இடுக்கியும் கனமான உறையும் வேண்டும். கொதிக்கும் சாம்பார் அண்டாவைத் தூக்க விட வேண்டாம். இரவில் கடை மூடியதும் இரண்டு உள்ளங்கையையும் விளக்கு வெளிச்சத்தில் தானே புரட்டிப் பார்த்து, புதிதாகக் கொப்புளமோ கீறலோ சிவப்போ இருக்கிறதா என்று தேட வேண்டும். வலி சொல்ல வேண்டியதைக் கண் பார்த்துச் சொல்ல வேண்டும், வேறு வழியில்லை. கையில் ஆறாத புண் இருக்கும்வரை உணவைத் தொடக் கூடாது என்பது எந்தத் தொழிலாளிக்கும் பொது. உணவு உரிமத்துக்காக ஆண்டுதோறும் வாங்கும் மருத்துவச் சான்றைப் பற்றிக் கேட்டால், சிகிச்சை தரும் டாக்டரிடம் ‘முறையாக மருந்து சாப்பிடுகிறார்’ என்று ஒரு கடிதம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

வாரம் ஒரு முறை நீங்களே ஒரு சோதனை செய்யலாம். உள்ளங்கை மேலே பார்க்க, கையை மேசையில் வைக்கச் சொல்லுங்கள். சுண்டுவிரலை மற்ற விரல்களிலிருந்து விலக்கி வெளியே தள்ளச் சொல்லி, உங்கள் விரலால் அதை உள்ளே தள்ளிப் பாருங்கள். உங்கள் பலத்துக்கு அது நிற்க வேண்டும். அடுத்த கையோடு ஒப்பிடுங்கள். போன வாரம் நின்ற விரல் இந்த வாரம் சாய்ந்தால் மறுநாளே ஆஸ்பத்திரி. கண்ணை மூடச் சொல்லி, பால்பாயின்ட் பேனா முனையால் உள்ளங்கையிலும் பாதத்திலும் லேசாகத் தொட்டு, எங்கே தொட்டேன் என்று காட்டச் சொல்லலாம். வெறும் பேனாதான் என்று குறைவாக நினைக்காதீர்கள், களப்பணியாளர்கள் பயன்படுத்தும் முறையே இதுதான். இமை சரியாக மூடாமல் போவது, பாதம் தொங்கி நடக்கும்போது செருப்பு தானாகக் கழன்று போவது இரண்டும் இதே வகை அவசரம்தான்.

எல்லோருக்கும் ரத்தப் பரிசோதனை என்று கேட்டிருந்தீர்கள். தொழுநோயை ஆரம்பத்திலேயே கண்டுபிடித்துச் சொல்லும் நம்பகமான ரத்தப் பரிசோதனை இன்றுவரை இல்லை. 1873-ல் நார்வேயில் ஹான்சன் என்ற டாக்டர் இந்தக் கிருமியைக் கண்டார். 150 வருஷம் தாண்டியும் ஆய்வகத் தட்டில் இதை வளர்க்க யாராலும் முடியவில்லை. ஒன்று இரண்டாகப் பெருகவே இதற்குக் கிட்டத்தட்ட இரண்டு வாரம் ஆகிறது. உள்ளே போய் நோயாக வெளிப்பட சராசரி ஐந்து வருஷம், சிலருக்கு 20 வருஷம்கூட. அதனால் தம்பி எங்கே, யாரிடமிருந்து வாங்கினார் என்று தேடுவது வீண் வேலை. ‘வடக்கிலிருந்து வருகிறவர்கள் கொண்டுவருகிறார்கள்’ என்ற பேச்சும் எனக்குப் பிடிப்பதில்லை. ஒடிசா, சத்தீஸ்கர், பிஹார் பக்கம் இன்றைக்கு நோய் அதிகம் என்பது உண்மை. நம் செங்கல்பட்டும் ஆற்காட்டு மாவட்டங்களும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தன. செங்கல்பட்டு திருமணியில் மத்திய அரசின் தொழுநோய் ஆராய்ச்சி நிலையம் சும்மா வரவில்லை.

ஆகவே பரிசோதனை என்றால், நல்ல பகல் வெளிச்சத்தில் சட்டையைக் கழற்றி, முதுகு முதல் கால் வரை ஒருவர் பொறுமையாகப் பார்ப்பதுதான். உணர்ச்சியில்லாத தேமல் இருக்கிறதா, கழுத்திலும் முழங்கையிலும் முழங்காலிலும் நரம்பு தடித்திருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டும். தேவைப்பட்டால் காது மடலில் சின்னதாகக் கீறிச் சதைநீர் எடுத்துக் கிருமியைத் தேடுவார்கள். அறையில் இருக்கும் ஐந்து பேரையும், நீங்களும் நெருங்கிப் பழகுகிறவர்கள் என்பதால் உங்கள் வீட்டாரையும், மருத்துவமனையிலோ பக்கத்து மாநகராட்சி ஆரம்ப சுகாதார நிலையத்திலோ காட்டுங்கள். தொழுநோயோ காசநோயோ இல்லை என்று உறுதியானால், தடுப்பாக ஒரே ஒரு வேளை ரிஃபாம்பிசின் கொடுப்பார்கள். இரண்டு வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கிடையாது. வங்கதேசத்தில் நடந்த பெரிய ஆய்வில் இது முதல் இரண்டு வருஷத்தில் நோய் வருவதை 57 சதவீதம் குறைத்தது. பாதிக்குக் கொஞ்சம் மேல், முழுப் பாதுகாப்பு இல்லை. எனவே மாத்திரை போட்டுக்கொண்டாலும் ஐந்து வருஷத்துக்கு வருஷம் ஒரு முறை உடம்பைக் காட்டிக்கொள்வது நல்லது.

இந்தத் தடுப்பு மருந்தில் ஒரு சிக்கல் உண்டு. பக்கத்தில் இருப்பவர்களுக்கு மருந்து கொடுக்க வேண்டுமென்றால் நோயாளி யார் என்பது அவர்களுக்குத் தெரிந்துபோகும். அதனால்தான் நோயாளியின் சம்மதம் இல்லாமல் கொடுப்பதில்லை, சிலர் சம்மதிப்பதும் இல்லை. உங்கள் விஷயத்தில் அறையில் எல்லோருக்கும் ஏற்கெனவே தெரியும். அப்படியிருந்தும் தம்பியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டே கூட்டிப்போங்கள். போன ஐந்து பேரும் டாக்டர் வாயால் ‘பயமில்லை’ என்று கேட்டுவிட்டு வந்தால், அறைப் பிரச்சினையும் பாதி தீரும். நீங்கள் நூறு முறை சொல்வதைவிட அது எடுபடும்.

ஒழிந்துவிட்டது என்றார்களே என்கிறீர்கள். பத்தாயிரம் பேரில் ஒருவருக்கும் குறைவாக நோயாளிகள் இருந்தால் ‘பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இல்லை’ என்று ஓர் அளவுகோல் வைத்திருந்தார்கள். 2005 டிசம்பரில் இந்தியா மொத்தமாகக் கணக்கிட்டு அதைத் தொட்டது. அது பெரிய சாதனைதான், 1983 முதல் கூட்டு மருந்துச் சிகிச்சை செய்த வேலை. ஆனால் ஜனங்கள் காதில் ‘ஒழிந்தது’ என்று விழுந்தது. தேமலைப் பார்த்தே சொல்லிவிடும் தனிப் பணியாளர்கள் பொதுச் சுகாதாரத் துறையோடு கலந்து, ஓய்வுபெற்றும் போனார்கள். பயிற்சிக் காலத்தில் ஒரு தொழுநோயாளியைக்கூடச் சரியாகப் பார்க்காமல் வெளியே வரும் இளம் டாக்டர்கள் இருக்கிறார்கள். இந்த ஊரில் பாதம் மரத்துப்போய் ஒருவர் வந்தால் உடனே சர்க்கரை என்று முடிவு கட்டிவிடுகிறோம், முழங்கை நரம்பைத் தொட்டுப் பார்ப்பதில்லை. படர்தாமரை என்று ஸ்டீராய்டு கலந்த கலவைக் களிம்பை மெடிக்கலில் தூக்கிக் கொடுக்கிறார்கள். சிவப்பு கொஞ்சம் அடங்கும், நோய் ஒளிந்துகொள்ளும், மாதங்கள் போகும். இன்றைக்கும் உலகத்தில் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் தொழுநோயாளிகளில் பாதிக்கு மேல் இந்தியர்கள், வருஷத்துக்கு ஒரு லட்சத்தைத் தொட்டு வருகிறது. 2027-க்குள் பரவலை நிறுத்திவிட வேண்டும் என்று மத்திய அரசு இலக்கு வைத்திருக்கிறது. கிருமியைக் கொல்ல மருந்து இருக்கிறது. கண்டுபிடிக்கிற கண்கள்தான் குறைந்துவிட்டன.

கடைசியாக, கல்யாணம். அது அவர் சொல்ல வேண்டிய விஷயம், நீங்கள் சொல்ல வேண்டியதில்லை. ஊரிலிருந்து யாராவது போன் செய்து கேட்டாலும், ‘அவனிடமே கேளுங்கள்’ என்று விட்டுவிடுங்கள். தம்பியே உங்களிடம் யோசனை கேட்டால், இது பரம்பரை நோய் இல்லை, மருந்து முடித்தவர் தாராளமாகக் கல்யாணம் செய்து பிள்ளை பெறலாம் என்று சொல்லுங்கள். இந்த நோயைக் காரணம் காட்டி விவாகரத்து கேட்க வழி செய்த பிரிவுகளை 2019-ல்தான் சட்டத்திலிருந்து எடுத்தார்கள். அதுவரை சட்டமே பயமுறுத்திக்கொண்டிருந்தபோது, பெண் வீட்டார் பயப்படுவதைக் குறை சொல்ல முடியாது. சொல்லிவிட்டுச் செய்வதுதான் நல்லது என்பது என் சொந்த அபிப்பிராயம். ஸ்டீராய்டு முடிந்து, 12 அட்டையும் முடிந்த பிறகு தேதி வைத்தால் அவருக்கும் நிம்மதி. பெண்ணின் அப்பாவுக்குச் சந்தேகம் இருந்தால், தம்பி சம்மதித்தால், சிகிச்சை தரும் டாக்டரோடு போனில் பேச வைக்கலாம். நாளைக்குப் போகும்போது இதையும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாருங்கள். மீதியிருக்கும் மாத்திரை அட்டையையும், மெடிக்கலில் வாங்கிய அந்தக் களிம்பையும் மறக்காமல் பையில் எடுத்துப் போங்கள்.